மூன்று தடவை பூக்கட்டி வாங்கிய பேட்டரி

முருகனிடம் நான் ஒருமுறை கள்ளாட்டம் ஆடியிருக்கிறேன். எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவன், தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்லிப் பார்க்கலாம். ஆனால் இது தெரிந்தே செய்தது.

எங்கள் தீவின் ஃபீனிக்ஸ் பே ஜெட்டியில் கப்பலிலிருந்து இறங்கும் மூட்டைகளைக் கடைகளுக்குக் கொண்டுபோய்ப் போடுவது என் தொழில். அதற்கு ஒரு பிக்கப் வண்டி. எங்கள் கோயிலில் பங்குனி உத்திரத்துக்கு முருகன் ஊர்வலம் போவது ஒரு கான்ட்ராக்டரின் லாரியில். ஒரு வருஷம் அந்த லாரி வேறு தீவுக்கு வேலைக்குப் போய்விட்டது. கோயில் செயலாளர் அண்ணன் என்னைக் கூப்பிட்டு, “தம்பி, சாமி ஒன் வண்டியில ஏறட்டுமா?” என்றார். சந்தோஷத்தில் வண்டியையே பார்த்துக்கொண்டு நின்றேன். (நான் தயங்குகிறேன் என்று நினைத்து, “டீசல் நாங்க போட்டுர்றோம்” என்றார்.)

மறுநாள் காலை சாவியைத் திருப்பினேன். ‘டக்’ என்றது, அவ்வளவுதான். பேட்டரி செத்துப்போயிருந்தது. ஊர்வலத்துக்கு மூன்றே நாள்.

டாலிகஞ்சில் ஒரு பெங்காலிக்காரரின் பேட்டரிக் கடைக்கு ஓடினேன், தாதா (அவர்கள் பாஷையில் அண்ணன்) என்றுதான் அவரைக் கூப்பிடுவோம். தீவில் பிறந்தவர், தமிழும் ஹிந்தியும் கலந்து பேசுவார்.

“பழைய பேட்டரி எங்க அண்ணா? சைஸ் பாக்கணும், ப்ளஸ் எந்தப் பக்கம்னு பாக்கணும்” என்றார்.

“அது வண்டியிலயே இருக்கு. அதைப் போய் யாரு பாத்தா தாதா?”

அவர் பெருமூச்சு விட்டு ஒரு பேட்டரியை எடுத்து வைத்தார். “ஆப்கா காடி, உங்க வண்டிக்கு இதுதான். தேதி பாருங்க, போன கப்பல்ல வந்தது.”

என் கண் அதில் இல்லை. பக்கத்தில் டிராக்டருக்குப் போடும் பேட்டரி ஒன்று இருந்தது. கன்னங்கரேலென்று, எண்ணெய் பூசிய மூலவர் மாதிரி. அதன் முன்னால் கை தானாகக் குவிந்ததை தாதா பார்த்துவிட்டார்.

“அது வேண்டாம். பெருசு, உயரம், ப்ளஸும் உல்டா, எதிர்ப்பக்கம்.”

“சாமி ஏறுற வண்டி தாதா.”

“பகவானா செல்ஃப் அடிக்கப் போறாரு?”

சாமியே சொல்லட்டும் என்று வீட்டுக்கு வந்து பூக்கட்டிப் பார்த்தேன். சிவப்பு அரளி வந்தால் பெரிய பேட்டரி, வெள்ளை நந்தியாவட்டை வந்தால் சின்னது. இரண்டையும் தனித்தனியாகக் காகிதத்தில் மடித்து, முருகன் படத்துக்கு முன்னால் குலுக்கிப் போட்டு, கண்ணை மூடி ஒன்றை எடுத்தேன். வெள்ளை. சரியாகக் குலுக்கவில்லை என்று தோன்றியது. மறுபடி எடுத்தேன். வெள்ளை.

பின்னால் நின்ற என் வீட்டுக்காரி சரசு, “அதான் ரெண்டு தரம் சொல்லிட்டாருல்ல?” என்றாள்.

“நல்லா யோசிச்சுச் சொல்லட்டும்டி.”

மூன்றாவது தடவை சிவப்பு வந்தது. “பாத்தியா?” என்றேன்.

“பாத்தேன். அவருக்கே அலுத்துப்போச்சு.”

பேட்டரி வந்தது. வைக்கும் தட்டில் அடங்கவில்லை, கீழே பலகை கொடுத்தேன். வயர் எட்டவில்லை, பேட்டரியைத் திருப்பி வைத்து இழுத்து மாட்டினேன். பானட் மூடவில்லை. ப்ளஸ் தலையில் பழைய சைக்கிள் டியூபைச் சுற்றி, முருகா என்று பானட்மேல் ஏறி உட்கார்ந்தேன். மூடிக்கொண்டது. சாவியைத் தொட்டதும் வண்டி உறுமியது பாருங்கள், எனக்கு அழுகையே வந்துவிட்டது.

எங்கள் ஊரில் ஐந்தரைக்கே இருட்டிவிடும் என்பதால் மூன்று மணிக்கே புறப்பாடு. வாழைமரம், தோரணம், நடுவில் வள்ளி தெய்வானையோடு முருகன். நான் குளித்து, வேட்டி கட்டி, வெறுங்காலோடு ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தேன். திரும்பி வரும்போது, கோயில் மேட்டுக்குக் கீழே ஒரு வேகத்தடை. வண்டி தூக்கிப்போட்டது. பானட்டுக்குள் ‘சடார்’ என்றது. நீலப் புகை வந்தது. எஞ்சின் நின்றது, மைக் நின்றது, பாட்டு நின்றது. (முன்னால் நின்ற சில பெண்கள் சாம்பிராணி என்று நினைத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.)

சாமி பார்க்க ஓரமாக நின்றிருந்த தாதாதான் ஓடிவந்து பானட்டைத் திறந்து வயரைப் பிடுங்கினார். டியூப் கிழிந்து ப்ளஸ் பானட்டில் உரசியிருந்தது. “வயரிங் கதம். எல்லாம் கருகிப்போச்சு” என்றார். கிழிந்த டியூபை எடுத்து என் கையில் வைத்தார். திட்டியிருந்தால் தேவலை.

செயலாளர் அண்ணன் முகம் வெளுத்துவிட்டது. “சாமிய நடுவழியில இறக்குனதே இல்ல தம்பி. இப்ப என்ன செய்யறது?”

என்னால்தான் முருகன் நடுத்தெருவில் நிற்கிறான். வண்டிச் சக்கரத்தின்மேல் தலையை முட்டிக்கொண்டு நின்றேன்.

அப்போது ஜெட்டியில் வேலை செய்யும் ஒருவர், கப்பலைக் கரையில் கட்டும் கயிறு ஒன்றைத் தோளில் சுமந்து வந்தார். யார் சொல்லி அனுப்பினார்கள் என்று இன்றுவரை தெரியாது. தாதா அதை வாங்கி முன்கொக்கியில் கட்டி, முதல் ஆளாகப் பிடித்தார். பிறகு தெலுங்குக்காரர்கள், மலையாளிகள், புடவையை இழுத்துச் செருகிய பெண்கள், சரசு. சக்கரத்துக்குக் கட்டை போட இரண்டு பேர்.

“உள்ள ஏறு, நேராப் புடி” என்றார் செயலாளர் அண்ணன்.

கயிறு விறைத்தது. வண்டி நகர்ந்தது. எஞ்சின் சத்தம் இல்லை, மைக் இல்லை. காலடிச் சத்தமும், மூச்சு வாங்கும் சத்தமும், அதற்கு நடுவே “அரோகரா”வும். தாதாவும் அரோகராதான் சொன்னார். அந்த மேட்டை நான் மூட்டையோடு எத்தனையோ தரம் ஏறியிருக்கிறேன், முதல் கியரில் முக்கி முனகி. அன்று வண்டி மிதந்துபோனது. கண்ணாடியில் பார்த்தேன். முருகன் அசையாமல் வந்துகொண்டிருந்தான். என் உடம்பெல்லாம் சிலிர்த்தது. நான் வாங்கிவந்த பலம் கருகிக் கிடக்க, தனக்கு வேண்டிய பலத்தை அவனே வரவழைத்துக்கொண்டான். இருட்டுவதற்குள் கோயில் வாசலில் நின்றோம்.

அடுத்த வருஷம் லாரி திரும்பி வந்துவிட்டது. ஆனால் ஜனங்கள் ஒத்துக்கொள்ளவில்லை, வடம் பிடித்து இழுத்தால்தான் ஊர்வலம் என்றார்கள். அன்றிலிருந்து என் வண்டிதான் தேர். பங்குனி பிறந்ததும் செயலாளர் அண்ணன் போன் செய்வார். “தம்பி, வண்டிய நல்லாக் கழுவித் தள்ளிக்கிட்டு வா. பேட்டரிய வீட்ல வச்சிரு.”

கழற்றி வைத்த பேட்டரிக்குச் சரசு வருஷா வருஷம் ஒரு பொட்டு வைத்து, “நீ வீட்டப் பாத்துக்க, நாங்க சாமிய இழுத்துட்டு வந்துர்றோம்” என்று சொல்லிவிட்டுத்தான் கதவைப் பூட்டுகிறாள்.