பதினெட்டு டின்களும் ஒரு மாமனாரும்

எனக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. எதையும் அரைகுறையாகச் செய்யமாட்டேன். முட்டாள்தனமாகவே இருந்தாலும் தொடக்கத்திலிருந்து முடிவுவரை ஒழுங்காகச் செய்துவிட்டுத்தான் ஓய்வேன்.

அப்போது எனக்கு வயது இருபத்தாறு. சீமையில் சண்டை தொடங்கியிருந்தது. பினாங்கில் நாலு பேர் கூடினால், கப்பல் வராது, ரங்கூன் அரிசி வராது என்பதுதான் பேச்சு. என் மனைவி செல்லம் தலைப்பிரசவத்துக்குப் போய்த் தைப்பிங்கில் தாய்வீட்டில் இருந்தாள். பையன் பிறந்து மூன்று மாதம் ஆகியும் மாமனார் அவர்களை அனுப்பவில்லை. அவர் ஸ்டேஷன் மாஸ்டர். கைகாட்டி இறங்காமல் எதையும் நகரவிடமாட்டார். "சண்டைக் காலத்தில் கைக்குழந்தையோடு அங்கே வந்து என்ன சாப்பிடுவாள்? பங்குனியில் நானே வந்து வீட்டைப் பார்க்கிறேன். திருப்தியாக இருந்தால் அனுப்புகிறேன். இல்லாவிட்டால் சண்டை முடியட்டும்" என்று கடிதம் போட்டார்.

சண்டை எப்போது முடியும் என்பது சண்டை போடுகிறவர்களுக்கே தெரியாது. என் மகன் மீசையோடு வந்து இறங்கி, "நீங்கதான் அப்பாவா?" என்று கேட்பதுபோல எனக்குக் கனவு வந்தது.

காரியத்தில் இறங்கினேன். ஆறு மாதத்துக்குக் கெடாத சாமான்கள்: அரிசி, துவரம்பருப்பு, புளி, மிளகாய்த்தூள், அப்பளம், வடகம், கருவாடு, சர்க்கரை, காபித்தூள். எல்லாம் கழுவிக் காயவைத்த பதினெட்டுத் தகர டின்களில். சாதாரண மனிதன் மூடியைப் போட்டு மூடிவிட்டுப் போயிருப்பான். பினாங்கின் ஈரக் காற்றையும் எறும்பையும் பற்றி என் அளவுக்கு அவன் சிந்திப்பதில்லை, பாவம். நான் தெருக்கோடிச் சீனத் தகரக்காரரைக் கூட்டிவந்து, பதினெட்டு மூடிகளையும் சுற்றிலும் ஈயம் வைத்து அடைக்கச் சொன்னேன்.

"சுமுவா?" என்றார். எல்லாமா என்று மலாயில் கேட்கிறார்.

"சுமுவா," என்றேன், கவர்னர் தோரணையில்.

"பேசோக் மாக்கான் அப்பா?" நாளைக்கு என்னத்தைத் தின்பாய் என்று கேட்டுவிட்டுச் சிரித்தார். (அந்த ஆண்டு முழுவதும் என்னிடம் கேட்கப்பட்ட ஒரே புத்திசாலித்தனமான கேள்வி அது.)

எனக்கென்ன கவலை? மூன்று வேளையும் இரண்டு வீடு தள்ளியிருந்த காதர் பாய் கடையில்தான் சாப்பாடு. மாமனார் வரும்போது தகரக்காரரையே கூப்பிட்டு வேண்டியதைத் திறந்துகொள்ளலாம். ஒவ்வொரு மூடியிலும் வெள்ளைச் சாயத்தில் எண் எழுதி, எந்த எண்ணில் என்ன என்று பட்டியலும் போட்டுவைத்தேன். அவர் அடைத்து முடித்தபோது நான் ஆபீசில் இருந்தேன். மாலையில் வந்து பார்த்தேன். பதினெட்டு எண்களும் இருந்தன. "ஆறு மாத உணவு கைவசம் உள்ளது" என்று மாமனாருக்குப் பெருமையாக எழுதினேன்.

அவர் பங்குனிவரை காத்திருக்கவில்லை. லீவு கிடைத்துவிட்டதாம், சீனப் பெருநாளின் இரண்டாம் நாள், அக்கரையில் பிறை ஸ்டேஷனில் ரயிலை விட்டிறங்கிப் படகேறி, காலை பத்தரைக்கு என் வாசலில் நின்றார்.

"என்ன மாப்பிள்ளை, சௌக்கியமா? வழியில ஒண்ணும் சாப்பிடல. ஒரு வாய் காபி குடுங்க."

நான் அவரை நேராகச் சாமான் அறைக்கு அழைத்துப் போனேன். டின்கள் சிப்பாய்களைப்போல மூன்று வரிசையில் நின்றன.

"பேஷ்! எல்லாம் இருக்கா?"

"எல்லாம் இருக்கு மாமா."

"காபி?"

"பதினோராம் நம்பர் மாமா."

"நம்பர் கெடக்கட்டும். காபி எங்க?"

விளக்கினேன். பிறகு தகரக்காரர் கடைக்கு ஓடினேன். கதவில் சிவப்புக் காகிதம்தான் ஒட்டியிருந்தது. பெருநாளுக்கு ஆயர் ஈத்தாமில் அண்ணன் வீட்டுக்குப் போயிருக்கிறார், வர ஐந்து நாளாகும் என்றார்கள். தெருவில் சீனர் கடை ஒன்றுகூடத் திறந்திருக்கவில்லை.

"அப்ப ஆறு மாசச் சாப்பாட்ட சுத்தி வச்சிக்கிட்டு நடுவுல பட்டினி கெடக்கணும்?" என்றார் மாமனார்.

"காதர் பாய் கடையில வாங்கிட்டு வந்துடறேன் மாமா."

"கடைச் சோத்தப் பாக்கவா நான் தைப்பிங்கிலேர்ந்து வந்தேன்? இந்த வீட்டு அடுப்புல ஒரு உலை கொதிக்கட்டும். பாத்துட்டுச் சொல்றேன், எம்பொண்ண அனுப்பறதா வேணாமான்னு."

உளியும் சுத்தியலும் எடுத்தேன். "அரிசி, மூணாம் நம்பர்," என்று அறிவித்தேன்.

"ஒரு தடவ ஆட்டிப் பாத்துட்டு அடிங்களேன்."

"ஆட்ட வேண்டியதில்ல மாமா. லிஸ்ட் இருக்கு."

நாலாவது அடியில் தகரம் கிழிந்தது. உள்ளிருந்து அரிசி வரவில்லை. மிளகாய்த்தூள் புறப்பட்டு வந்தது. மாமனார் பதினான்கு முறை தும்மினார், நான் ஒன்பது முறை. அந்த நேரத்தில்தான் எனக்கு விளங்கியது. நான் எண் எழுதியது மூடிகளில், டின்களில் இல்லை. தகரக்காரர் கைக்கு வந்த மூடியைக் கைக்கு வந்த டின்னில் வைத்து அடைத்திருக்கிறார். அவரைக் குற்றம் சொல்லி என்ன பயன்? தமிழ்ப் பற்றின் காரணமாக எண்களைத் தமிழ் எண்களாகவே எழுதியிருந்தேன்.

அத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் ஒரு மூடி மாறினால் எல்லாமே மாறியிருக்கவேண்டுமா என்ன? ஐந்தாம் நம்பர் பருப்பு என்று பட்டியல் சொன்னது. உடைத்தேன். கருவாடு.

கண்ணைத் துடைத்துக்கொண்டு இருவரும் முன் அறைக்கு வந்து உட்கார்ந்தோம். துடைத்த கையிலும் மிளகாய்த்தூள், கண்ணீர் பெருக்கெடுத்தது. சன்னல் வழியே இதைப் பார்த்துவிட்டுப் போன காதர் பாய், சிறிது நேரத்தில் மூடிய சோற்றுப் பானையும் குழம்புச் சட்டியுமாக, தொப்பியைச் சரிசெய்துகொண்டு, மெதுவாக உள்ளே வந்தார்.

"மனசத் தேத்திக்குங்க தம்பி," என்றார் தாழ்ந்த குரலில். "யாரு போய்ட்டாங்க? தைப்பிங்லயா?"

அவர்மேல் தப்பில்லை. இரண்டு ஆண்கள் வாய் பேசாமல் கண்ணீர் விட்டுக்கொண்டிருக்கிறார்கள், பகல் பன்னிரண்டாகியும் வீட்டில் அடுப்பு எரியவில்லை. சாவு வீட்டுக்குப் பக்கத்து வீட்டுக்காரர் சோறு கொண்டுவருவதுதானே முறை!

மாமனார் மூக்கைச் சிந்தினார். "யாரும் போகல பாய். மாப்பிள்ளையோட லிஸ்ட்தான் போயிடுச்சு."

"அப்ப அழுகாம சாப்பிடுங்க லா, சூடு ஆறுது," என்றார் காதர் பாய்.

மாமனார் மூன்று முறை சோறு வாங்கிச் சாப்பிட்டார். நான் பருக்கைகளை எண்ணிக்கொண்டிருந்தேன். என் வீட்டு அடுப்பில் உலை கொதிக்கவில்லை. தீர்ப்பு தெரிந்ததுதான். சண்டை முடியவேண்டும், மகனுக்கு மீசை முளைக்கவேண்டும்.

கை கழுவிவிட்டு அவர் சொன்னார்: "அடுத்த வாரம் செல்லத்த அனுப்பிவைக்கிறேன்."

பருக்கை எண்ணுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தேன்.

"இங்க வந்தா அவளுக்குச் சோறு கெடைக்குமான்னு பாக்க வந்தேன். இப்ப என்னடான்னா, அவ வரலேன்னா உங்களுக்கே கெடைக்காது போலிருக்கு. தைப்பிங்ல குழந்தையப் பாத்துக்க எட்டுப் பேர் இருக்கோம். இங்க இருக்கிற குழந்தையப் பாத்துக்க ஒரு ஆளு இல்ல." சொல்லிவிட்டு என் தோளைத் தட்டினார்.

செல்லம் வந்தாள். குழந்தையை என் கையில் கொடுத்துவிட்டு, மீதிப் பதினாறு டின்களையும் ஒவ்வொன்றாகக் காதருகே ஆட்டி, கால் மணி நேரத்தில் எதில் என்ன என்று சொல்லிவிட்டாள். (பட்டியலை அவள் கேட்கவில்லை, நானும் கொடுக்கவில்லை.) பிறகு சாமான் அறைச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். இருபது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. இன்னும் அங்கேதான் இருக்கிறது.

வீட்டுக்கு யார் வந்தாலும் அவள் அடுக்களையிலிருந்து, "உக்காருங்க, சோறு இருக்கு, யாரும் போகல!" என்று குரல் கொடுப்பாள். வந்தவர் திகைத்து விழிப்பார். உடனே பிள்ளைகள் கதையைத் தொடங்கிவிடுவார்கள். டின்களின் எண்ணிக்கை வருடாவருடம் ஏறிக்கொண்டே போகிறது. போன வாரம் கடைக்குட்டி, தாத்தா என்னைக் கட்டிக்கொண்டு கதறி அழுததாகச் சொன்னான்.

சுத்தப் பொய். அவர் என்னைக் கட்டிக்கொள்ளவில்லை. தோளைத்தான் தட்டினார். இடது தோள். இரண்டு முறை.