ஐந்து வீட்டுக்கு ஐந்து பொட்டு

எனக்கு எண்ணும் வியாதி உண்டு என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். துறைமுகத்தில் முப்பத்தைந்து வருடம் கப்பலிலிருந்து இறங்கும் மூட்டைகளை எண்ணி, நாலு கோடு போட்டு ஐந்தாவதைக் குறுக்கே இழுக்கும் உத்தியோகம். ஓய்வு பெற்ற மறுநாள் எண்ணுவதற்கு ஒன்றும் இல்லாமல், மின்விசிறி நிமிடத்துக்கு எத்தனை சுற்று சுற்றுகிறது என்று எண்ண ஆரம்பித்தேன். (ஒன்றாம் எண்ணில் வைத்தால்தான் எண்ண முடியும். திருவொற்றியூர் வெயிலில் அதற்கு வீட்டில் சண்டை.) அந்தச் சண்டைக்குப் பயந்து என் மனைவி சரோஜா ஒரு பெட்டி வாங்கி வந்தாள். உள்ளே இரண்டரை சென்டிமீட்டர் உயரத்தில் பிளாஸ்டிக் சிப்பாய்கள், நாற்பத்தெட்டு பேர். நாமே ஒட்டி, வர்ணம் தீட்டிக்கொள்ள வேண்டும்.

"இதை எண்ணிக்கிட்டிருங்க, ஃபேனை விடுங்க" என்றாள்.

ஒரு வருடத்தில் நாற்பத்தெட்டு தொண்ணூற்றாறு ஆனது. ஆளுக்கு ஆறு பொத்தான் வீதம் ஐந்நூற்று எழுபத்தாறு பொத்தான்களைப் பல்குச்சி முனையால் வைத்தேன். செஞ்சி, வேலூர், சதுரங்கப்பட்டினம் என்று கோட்டை கோட்டையாகப் போனோம். சரோஜா வேடிக்கை பார்த்தாள். நான் படிகளை எண்ணினேன். கடைசியில், மைசூர் குதிரைப்படைக்குப் பயந்து வெள்ளைக்காரன் நம் வடசென்னையைச் சுற்றிக் கட்டிய மதிலையே அட்டையில் கட்டி, சிப்பாய்களை அதன்மேல் நிறுத்தி, ராயபுரத்தில் பொம்மைப் படை கட்டுகிறவர்கள் வருடா வருடம் நடத்தும் போட்டியில் வைத்தேன். நடுவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். "சிப்பாய்கள் பிரமாதம். மதில்தான் தக்காளிச் சட்னி நிறத்தில் இருக்கிறது."

அந்த ஒரு வாக்கியத்தை ஒரு வருடம் மென்றுகொண்டிருந்தேன். அடுத்த போட்டிக்கு நான்கு நாள் இருக்கும்போது, அசல் மதிலின் நிறத்தையே பிடித்துவிடுவது என்று கிளம்பினேன். எனக்கு அப்போது அறுபத்தைந்து வயது. இது நடந்து ஆறு வருடம் ஆகிறது.

ராயபுரம் பக்கம் ஒரு சந்தில் அந்த மதிலில் ஒரு துண்டு இன்னும் மிச்சம் இருக்கிறது. அதை ஒட்டி ஐந்து வீடுகள். கையில் குடை, சட்டைப்பையில் இரண்டு பேனா, தோளில் பை, பைக்குள் அளவுநாடா, நோட்டு, ஐந்து குப்பியில் நான் கலந்த ஐந்து விதச் செங்கல் நிறம். முதலில் சந்தின் நீளத்தைக் காலடியால் அளந்து, நாடாவாலும் சரிபார்த்தேன். நாற்பத்திரண்டு. எழுதிக்கொண்டேன். மதிலில் வர்ணத்தைத் தொட்டு வைத்துப் பார்க்கலாமென்றால், புராதனச் சின்னத்தைச் சேதப்படுத்தினால் தண்டனை என்று பலகை இருந்தது. நான் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவன். ஆகவே மதிலைத் தொடாமல் ஜனங்களின் வீடுகளைத் தொட்டேன்.

அந்த வீடுகளின் வாசல் பக்கச் சுவரில் பூச்சு உதிர்ந்த இடத்தில் அதே பழைய செங்கல் தெரிந்தது. ஒரே இடத்தில் ஐந்து நிறத்தையும் வைத்தால் கண் குழம்பும். அதனால் வீட்டுக்கு ஒரு பொட்டு. குழப்பம் வராதிருக்கப் பொட்டுக்குக் கீழே நம்பர்: ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து. வைத்துவிட்டுக் காய்வதற்காக நிழலில் நின்றேன்.

நான்காம் நம்பர் வீட்டிலிருந்து ஒரு பெண் வந்தாள். அவள் பெயர் தேவிகா என்பதும், சாயங்காலம் தெருமுனையில் அத்தோ என்கிற பர்மா நூடுல்ஸ் வண்டி போடுகிறவள் என்பதும் பிறகு தெரிந்தது.

"இன்னா சார் எய்தினுகீறே?"

"அளவும்மா. ஞாயித்துக்கிழமைக்குள்ள முடிச்சாகணும்."

அவள் பொட்டைப் பார்த்தாள். "எங்க வூடு இதுல வர்தா?"

"வீடெல்லாம் வராது. மதில் மட்டும்தான்" என்றேன், கலைஞனுக்குரிய அலட்சியத்தோடு.

அவள் விறுவிறுவென்று உள்ளே போனாள். இரண்டு மாதத்துக்கு முன்னால் அடுத்த தெருவில் இப்படித்தான் நாடாவோடு ஆட்கள் வந்து, சிவப்பில் நம்பர் போட்டுவிட்டுப் போனார்களாம். நம்பர் வாங்கிய வீடுகளில் ஒன்றுகூட இப்போது அங்கே இல்லையாம். இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்? நான் பொட்டு காய்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

நிமிர்ந்தபோது என்னைச் சுற்றி இருபத்து மூன்று பேர். (எண்ணினேன். பயத்திலும் எண்ணுவேன்.) ஆட்டோ ஓட்டும் முனுசாமி என்பவர் என் குடையை மெதுவாக வாங்கிக்கொண்டார்.

"நைனா, எந்த ஆபீஸு? கார்டு காட்டு."

"ஆபீஸ் இல்லீங்க. நான் ரிட்டயர்டு."

"ரிட்டயர் ஆயும் வூட்ட இடிக்க வந்துட்டியா?"

பையைத் திறந்தார்கள். நிறம் ஒப்பிட நான் கொண்டுவந்த ஆறு சிப்பாய்கள் பஞ்சுக்குள்ளிருந்து வெளியே வந்தார்கள். முனுசாமி ஒருவனை இரண்டு விரலால் தூக்கி வெயிலில் பார்த்தார். "இன்னாடா இது, பொம்ம."

என் செல்பேசியிலிருந்தே சரோஜாவுக்குப் போன் போட்டு, ஊருக்கே கேட்கும்படி வைத்தார்கள்.

"ஆமாங்க, என் வீட்டுக்காரர்தான். ஆபத்தில்லாத மனுஷன், எண்ணுவார், அவ்ளோதான். பொம்மைக்குப் பெயிண்ட் அடிக்கணும்னு சொல்லிட்டு வந்தார். சாப்பாட்டு நேரத்துக்கு அனுப்பிவிடுங்க."

சந்தே சிரித்தது. தேவிகா மட்டும் சிரிக்கவில்லை. அவள் கையில் ஒரு மஞ்சள் பை. அதிலிருந்து ரேஷன் கார்டும், கரண்டு ரசீதுகளும், பிளாஸ்டிக் உறையில் போட்ட பழைய பத்திரம் ஒன்றும் எட்டிப் பார்த்தன. நான் பொட்டு காய்வதைப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் அவள் அதையெல்லாம் தேடி எடுத்திருக்கிறாள்.

"அய்ச்சுடு" என்றாள்.

அழிக்க முடியவில்லை. தண்ணீர் பட்டாலும் போகாத உசத்தியான வர்ணம் என்று நான் பீற்றிக்கொண்டு வாங்கியது. சுரண்டினால் செங்கல் வந்தது, பொட்டு வரவில்லை. கடைசியில் தேவிகா வீட்டில் மிச்சமிருந்த கிளிப்பச்சை டப்பா வந்தது. ஐந்து பொட்டையும் மூடினேன். அவள் தள்ளி நின்று தன் சுவரைப் பார்த்தாள்.

"ஒரு எடத்துல மட்டும் பச்சையா கீது. கலீஜா இல்ல? முய்சா அடி, பெர்சு."

பல்குச்சியால் பொத்தான் வைத்தவன் நாலங்குலப் பிரஷ் பிடித்து ஒரு முழுச் சுவருக்கு அடித்தேன். முந்நூற்றுப் பன்னிரண்டு இழுப்பு. முனுசாமி என் குடையை எனக்கே பிடித்துக்கொண்டு நின்று, "அங்க விட்டுப்போச்சு பாரு நைனா" என்று மேற்பார்வை பார்த்தார். தேவிகா குடிக்கத் தண்ணீர் கொடுத்தாள். போட்டி எங்கே என்று கேட்டாள். சொன்னேன். (அடுத்த தப்பு.)

ஞாயிற்றுக்கிழமை நடுவர் முதல் மேசையில் இருக்கும்போது தேவிகா வந்தாள். குனிந்து என் மதிலை இந்த முனையிலிருந்து அந்த முனைவரை பார்த்தாள்.

"எங்க வூடு எங்க?"

"அந்தக் காலத்துல அங்க வீடே இல்லம்மா."

"அப்ப நீயும் எங்க வூட்ட எட்த்துட்டே."

கோபமாகச் சொல்லவில்லை. நிமிர்ந்து, முந்தானையைச் சரிசெய்துகொண்டு, கிளம்பப் போனாள். நடுவருக்கும் எனக்கும் நடுவே மூன்று மேசை இருந்தது. என் ரத்த அழுத்த மாத்திரை இருந்த அட்டை டப்பாவைக் காலி செய்து வீடாகக் கவிழ்த்தேன். பிளேடால் ஒரு கதவு கீறினேன், அவள் சுவரில் அடித்து மிச்சமாகி என் குப்பியில் இருந்த பச்சையை அடித்தேன், மதிலை ஒட்டி வைத்தேன். ஈரம் காயவில்லை. நடுவர் வந்துவிட்டார்.

"இது என்ன?"

"வீடு சார்."

"இந்தக் காலகட்டத்தில் அங்கே வீடு கிடையாதே."

நான் வாயைத் திறக்குமுன் தேவிகா சொன்னாள்: "இப்ப கீது சார்."

பத்து மதிப்பெண் போயிற்று. பரிசு போயிற்று. தேவிகா அன்றைக்கு எனக்குக் கட்டிக்கொடுத்த அத்தோவை மாத்திரை போடாமலே சாப்பிட்டேன்.

அந்த மதில் இப்போது எங்கள் வரவேற்பறையில் இருக்கிறது. யார் வந்தாலும் சரோஜா, "தொண்ணூத்தாறு பேர் காவல், ஒரே வீட்டுக்கு" என்று ஆரம்பித்துவிடுவாள். நான் பிரஷ்ஷை எடுத்தால், "இன்னிக்கு யார் வீட்டுக்கு மார்க்கு?" என்பாள். அதையெல்லாம் தாங்கிக்கொள்கிறேன். தாங்க முடியாதது ஒன்றுதான். ஐந்து பொட்டில் எது அசல் செங்கல்லோடு பொருந்தியது என்று பார்ப்பதற்குள் ஐந்தையும் என் கையாலேயே மூடிவிட்டேன். என் மதில் இன்றைக்கும் தக்காளிச் சட்னி நிறம்தான். பச்சை வீடு மட்டும் அசலோடு அப்படியே பொருந்துகிறது.