மார்கழிக்கு முன்னால் கிளம்பிய பாஸ்போர்ட்

பிள்ளைகளை அழைத்துக்கொண்டு நாடு மாற ஆண்டில் எந்த மாதம் நல்லது என்று யாராவது கேட்டால், இன்றும் என்னிடம் பதினேழு காரணங்களோடு ஒரு பதில் இருக்கிறது. அது சரியான பதிலும்கூட. அந்தச் சரியான பதிலைக் கையில் வைத்துக்கொண்டுதான், நான்கு பேருக்கும் பயணச்சீட்டு இருந்தும் ஒருவருக்குக்கூடப் பாஸ்போர்ட் இல்லாமல் விமான நிலையத்தில் நின்றேன்.

அப்போது நான் ரவாங் நகரில் ஒரு தொழிற்சாலையில் தரக் கட்டுப்பாட்டுப் பொறியாளர். பட்டியல் போடாமல் மீன் வாங்கக்கூடப் போனதில்லை. (ஒரு பட்டியலின் முதல் வரி 'பட்டியலை எடுத்துக்கொள்' என்று இருந்ததாக என் கணவர் முரளி சொல்லித் திரிகிறார். இருந்தது உண்மைதான்.) முரளிக்குப் பெர்த் நகரில் வேலை கிடைத்ததும், எப்போது கிளம்புவது என்பதை நான் முடிவு செய்கிறேன் என்றேன். அவர் உடனே ஒப்புக்கொண்டார். திருமணமாகிப் பத்து ஆண்டில் மனிதர் நிறையக் கற்றிருந்தார்.

பன்னிரண்டு மாதத்துக்கும் மதிப்பெண் போட்டேன். பள்ளி தொடங்கும் நாள், டிக்கெட் விலை, அங்கத்திய வெயில், இங்கத்திய மழை, எட்டு வயது தாராவின் பரீட்சை, ஐந்து வயது கவினின் ஆடிக்கொண்டிருக்கும் பல் எல்லாவற்றுக்கும் தனித்தனிக் கட்டம். ஜனவரி முதல் வாரம் வென்றது. அங்கே பள்ளி அந்த மாதக் கடைசியில்தான் தொடங்கும். பிள்ளைகளுக்கு ஊர் பழக மூன்று வாரம் கிடைக்கும். பாதி ஆண்டில் போய் வகுப்பறை வாசலில் முழித்துக்கொண்டு நிற்க வேண்டியதில்லை. அதை அச்சடித்து எங்கள் புக்கிட் ரோத்தான் வீட்டு ஐஸ்பெட்டிக் கதவில் ஒட்டினேன்.

எங்களோடு இருந்த அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதை முழுக்கப் படித்தார். செம்பனை எண்ணெய் ஆலையில் கொதிகலன் பார்த்தவர். எந்த எண்ணையும் அவசரமாகக் கடக்க மாட்டார்.

"எல்லாம் சரியாதான் இருக்கு. ஆனா மார்கழியாச்சேம்மா."

பதினேழு கட்டத்தில் அது மட்டும் இல்லை. மார்கழியில் குடி மாறக் கூடாது. எனக்கு அதில் நம்பிக்கை கிடையாது, ஆனால் அப்பாவுக்கு இருந்தது. நாங்கள் போனபின் அவர் செரண்டாவில் என் தம்பி வீட்டில் இருப்பதாக ஏற்பாடு. அங்கே உட்கார்ந்து தினமும் 'மார்கழியில போனாங்களே' என்று கவலைப்படுவார். அதற்கு எவ்வளவு மதிப்பெண் குறைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

அவரே வழியும் சொன்னார். "பரஸ்தானம் வெச்சிரலாம்."

அதாவது, கார்த்திகை முடிவதற்குள் நல்ல நேரம் பார்த்து, பயணப் பையில் ஒன்றை மட்டும் வீட்டைவிட்டு வெளியேற்றி அடுத்த வீட்டில் வைத்துவிட வேண்டும். கணக்குப்படி நாம் அன்றே கிளம்பியாயிற்று. அப்புறம் மார்கழியில் எந்தத் தேதியில் உடம்பை நகர்த்தினாலும் தோஷமில்லை. நிபந்தனை ஒன்றுதான்: வெளியே போன பை திரும்ப வீட்டுக்குள் வரக் கூடாது.

நான் அசந்துவிட்டேன். விதியை மீறாமல், தேதியையும் மாற்றாமல், இவ்வளவு அழகான ஒரு மாற்று வழியை எங்கள் தொழிற்சாலையில் யாரும் கண்டுபிடித்ததில்லை.

"பையில என்னப்பா வைக்கணும்?"

"அது இல்லாம நீங்க போகவே முடியாதுங்கிற பொருளா இருக்கணும்."

இங்கேதான் என் படிப்பு வேலை செய்தது. அது இல்லாமல் போகவே முடியாத பொருள் எது? புடவையா, குங்குமமா? நான்கு பாஸ்போர்ட்டையும் ஒரு சின்ன நீலப் பையில் வைத்து, 'பை 1' என்று சீட்டு ஒட்டினேன். பட்டியலில் பச்சை நிறத்தில் ஒரு டிக் போட்டேன். அப்பா உள்ளே என்ன என்று கேட்கவில்லை. பொறியாளர் மகள்மீது அவ்வளவு நம்பிக்கை.

பை போய்ச் சேர்ந்தது பக்கத்து வீட்டுக் கலா அக்காவிடம். பள்ளி வேன் ஓட்டுபவர். இருபது பிள்ளைகளின் பெயர், வீடு, தின்னக் கூடாத பலகாரம் எல்லாம் அவர் தலைக்குள்ளேயே இருக்கும். ஒரு துண்டுக் காகிதம்கூட வைத்துக்கொண்டு நான் பார்த்ததில்லை. (அப்போது அதை ஒரு குறையாக நினைத்தேன். அந்த வயதில் எனக்கு அவ்வளவுதான் தெரிந்தது.)

"பத்திரமா வைங்கக்கா."

"இருபது பிள்ளைங்கள பத்திரமா கொண்டுபோறேன், இது ஒரு பை லா."

பயண நாள் ஞாயிற்றுக்கிழமை. விமானம் மாலை ஆறு மணிக்கு, கவுண்டர் ஐந்துக்கு மூடிவிடும். ஒன்றரை மணிக்கு வாடகைக் கார் வந்தது. பத்துப் பெட்டிகள், பதினோரு பிரிவு வைத்த கோப்பு, இரண்டு பிள்ளைகள், ஒரு அப்பா என்று டிக் போட்டு ஏற்றிவிட்டு, 'பை 1' வாங்கக் கலா அக்கா வீட்டுக்குப் போனேன். கேட் பூட்டியிருந்தது.

போன் போட்டேன். பின்னணியில் ஜால்ரா சத்தம் கேட்டது.

"நான் சுங்கை பஞ்சாங்ல இருக்கேன், இந்து. ஸ்கூல் லீவு நாள்தானே, பஜனைக் குழுவ ஏத்திட்டு வந்தேன்."

சுங்கை பஞ்சாங் வடக்கே, வயல்காட்டுப் பக்கம். விமான நிலையம் தெற்கே.

"அக்கா, அந்தப் பை வீட்டுல எங்க இருக்கு? சாவி யாருகிட்ட?"

"வீட்டுல எங்க இருக்கு? மழைக்கு ஓடு ஒழுகுதுன்னு வேன்ல என் சீட்டுக்கடியில வெச்சிருக்கேன். அன்னிக்கே வாய்ஸ் மெசேஜ் போட்டேனே."

போட்டிருந்தார். அதை நான் 'பிறகு கேட்க வேண்டியவை' என்ற பட்டியலில் சேர்த்திருந்தேன். மூன்று வாரமாக எங்கள் பாஸ்போர்ட்டுகள் தெற்கேயும் வடக்கேயும் சுற்றியிருக்கின்றன. வெளிநாட்டு முத்திரை ஒன்றுதான் பாக்கி.

"உள்ள என்ன இருக்குன்னு இப்படிப் பதறுற?"

சொன்னேன். அந்தப் பக்கம் ஜால்ரா நின்றது.

"நாலும் அதுலதானா?"

"நாலும் அதுலதான்க்கா."

வேறு யாராக இருந்தாலும் என்னை நாலு வார்த்தை கேட்டிருப்பார்கள். கலா அக்கா ஒரு மூச்சு இழுத்துவிட்ட நேரத்தில் கணக்குப் போட்டுவிட்டார்.

"சரி, கேளு. நீ வடக்க வராத. வீட்டுலயும் நிக்காத. நேரா ஏர்போட்டுக்குப் போய் வரிசையில நில்லு. நான் வர்றேன்."

"வழியில எங்காவது நிக்கிறேன்க்கா, கைமாத்திக்கலாம்."

"ஞாயித்துக்கிழமை. மீன் சாப்பிட வர்ற கூட்டமெல்லாம் கோல சிலாங்கூர் பாலத்துலதான் நிக்கும். நான் தோட்டத்து ரோடு பிடிச்சு வருவேன், எங்க ஏறி எங்க எறங்குவேன்னு எனக்கே தெரியாது. உன்னைத் தேடிட்டு இருக்க நேரமில்ல. போ லா."

என் வாழ்க்கையில் முதல்முறையாகக் கையில் எதுவும் இல்லாமல், வேறொருவரின் சொல்லை மட்டும் நம்பிக் கிளம்பினேன். காரில் அப்பாவிடம் விஷயத்தைச் சொன்னோம்.

"நீ அரிசியும் மஞ்சளும் வெச்சிருப்பேன்னு நெனச்சேம்மா" என்றார். திட்டியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும்.

நாலரைக்குக் கவுண்டரில் எங்கள் முறை வந்தது. கோப்பைத் திறந்து, பிள்ளைகளின் தடுப்பூசி அட்டை, பள்ளிக் கடிதம், எதிர்கால வீட்டின் வரைபடம் என்று ஒவ்வொன்றாக அடுக்கினேன். கவுண்டரில் இருந்த பெண் பொறுமையாகப் பார்த்தார். பெயர்ப்பட்டையில் தமிழ்ப் பெயர்.

"பாஸ்போர்ட் மட்டும் குடுங்க."

"அது முன்னாலயே கிளம்பிடுச்சு."

"எங்க?"

"கார்த்திகையிலயே. மார்கழி வந்துருமேன்னு..." என்று தொடங்கி முழுக்கச் சொன்னேன். எனக்குப் பின்னால் நின்றவர்கள் ஒவ்வொருவராக வேறு வரிசைக்கு மாறினார்கள். முரளி ஏதோ ஒரு பெட்டியின் பூட்டை மிகுந்த அக்கறையோடு பரிசோதித்தார்.

அந்தப் பெண் தட்டச்சுவதை நிறுத்தினார். "பரஸ்தானமா? எங்க வீட்டுலயும் வைப்பாங்க. ஆனா அரிசிதான் வைப்பாங்க."

"தெரியும்" என்றேன். (இரண்டரை மணி நேரமாகத் தெரியும்.)

"அஞ்சுக்கு மூடிருவேன் மேடம். அதுக்கு மேல என் கையில இல்ல."

ஓரமாக நின்றோம். பத்து நிமிடம் போயிற்று. இந்த விமானத்தை விட்டால் அடுத்தது வாங்கக் கையில் பணமில்லை. முரளி மறுநாளே வேலையில் சேர வேண்டும். நான் வேலையை விட்டாயிற்று, வீட்டை வாடகைக்குக் கொடுத்தாயிற்று. கவின், "நாம வீட்டுக்குப் போறோமா?" என்று கேட்டான். அப்பா அவனைத் தூக்கிக்கொண்டார்.

ஐந்துக்குப் பன்னிரண்டு நிமிடம் இருக்கும்போது தானியங்கிக் கதவு திறந்தது. ஒரே மாதிரி மஞ்சள் புடவையில் பன்னிரண்டு பெண்கள் நடையும் ஓட்டமுமாக வந்தார்கள். ஒருவர் கையில் இன்னும் ஜால்ரா இருந்தது. நடுவில் ரப்பர் செருப்போடு, நீலப் பையை மார்போடு அணைத்துக்கொண்டு கலா அக்கா.

"அன்னதானம் போடறதுக்கு முன்னாலயே எழுப்பிட்டு வந்துட்டா" என்று ஒரு அம்மா என்னிடம் முறையிட்டார். "பாயசம் வேற வெச்சிருந்தாங்க." ஆனால் யாரும் வரமாட்டேன் என்று சொல்லவில்லையாம். வழியில் எங்கும் நிற்க வேண்டாம் என்று அவர்களே சொல்லிவிட்டார்களாம்.

நான் அழத் தொடங்கினேன். கலா அக்கா பையை என் கையில் திணித்தார்.

"அழுறத அங்க போய் அழு. நாலு இருக்கான்னு எண்ணு மொதல்ல."

எண்ணினேன். நாலும் இருந்தன. கூடவே ஒரு ஊறுகாய் பாட்டிலும், ஏதோ பள்ளிப் பிள்ளை ஒளித்துவைத்த பாதி அழிப்பானும் இருந்தன. கவுண்டர் பெண் எங்கள் பெட்டிகளை ஏற்றிக்கொண்டே, அந்தப் பன்னிரண்டு பேரையும் ஒருமுறை நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார்.

அப்பா மட்டும் பையைத் தொட்டுப் பார்த்து நிம்மதியானார். "வீட்டுக்குத் திரும்பலைல்ல? முன்னாலதான வந்திருக்கு?"

"வாசல்படியக்கூட மிதிக்கல மாமா" என்றார் கலா அக்கா. அந்த அவசரத்திலும் புக்கிட் ரோத்தான் வீட்டுப் பக்கமே திரும்பாமல் சுற்றி வந்திருக்கிறார். எதற்கு என்று நான் அவரிடம் விளக்கியதே இல்லை. அவருக்கே தெரிந்திருந்தது. அன்று அப்பாவைச் செரண்டாவில் கொண்டுபோய் விட்டதும் அந்த வேன்தான். வழியெல்லாம் பஜனையாம். அப்பாவும் பாடினாராம். அதை மட்டும் அவர் இன்றுவரை மறுக்கிறார்.

பிள்ளைகள் முதல் நாள் எல்லாரோடும் சேர்ந்தே வகுப்புக்குள் போனார்கள். அந்த விஷயத்தில் என் மதிப்பெண்கள் சரியாகத்தான் இருந்தன. ஆனால் எங்கள் குடும்பத்தில் அதைப்பற்றி யாரும் பேசுவதில்லை.

போன மாதம் என் சித்தி மகன் போன் செய்தான். மூன்று பிள்ளைகளோடு நியூசிலாந்து போகிறானாம். எந்த மாதம் நல்லது என்று நான் முக்கால் மணி நேரம் விளக்கினேன். குறுக்கே பேசாமல் கேட்டான்.

"அதெல்லாம் கலா அக்காகிட்ட கேட்டாச்சுக்கா. அவங்க வேன் ஃப்ரீயா இருக்குற வாரத்துலதான் டிக்கெட் போட்டிருக்கேன்."

"அப்ப எனக்கு ஏண்டா போன் பண்ண?"

"பரஸ்தானப் பையில அரிசி எவ்வளவு வைக்கணும்னு கேக்கத்தான். உங்களுக்குத்தான் அதுல அனுபவம் இருக்குன்னு முரளி மாமா சொன்னாரு."