ஒன்பதாம் இடத்திலிருந்து என் மகளை எழுப்பிவிட்டார்கள்

பெகாசி, வியாழக்கிழமை

மதிப்பிற்குரிய சுகெங் அண்ணனுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். தங்கள் மடியில் தலைதாழ்த்தி வணங்கித் தம்பி வார்சித்தோ எழுதுவது. இறையருளால் இங்கு அனைவரும் நலம், என் முழங்கால்கள் இரண்டைத் தவிர. சோலோவில் தாங்களும் அண்ணியும் நலமாகவே இருங்கள். ஏனென்றால் இனி நான் எழுதப்போவது தங்கள் அருமை மகள் லாரஸைப் பற்றி. போனில் பேசினால் வாய் தடித்துவிடும் என்றுதான் கடிதம்.

என் மகள் நிகென் பத்தாம் வகுப்பில் சேர்ந்ததும் ஆச்சே மாகாணத்து ஆட்டம் பழகப்போகிறேன் என்றாள். இங்கே பெகாசியில் தங்கி அதே பள்ளியில் படித்த லாரஸ்தான் இப்போது அங்கே ஆட்டம் சொல்லித்தருகிறாள், அக்கா பார்த்துக்கொள்வாள் என்று நம்பி அனுப்பினேன். பதினைந்து பெண்கள் தோளோடு தோள் ஒட்டி மண்டியிட்டு, தொடையைத் தட்டி, நெஞ்சைத் தட்டி, ஒற்றைப்படைக்காரிகள் எழும்போது இரட்டைப்படைக்காரிகள் குனிய வேண்டும், ஒருத்தி பிசகினாலும் மண்டையோடு மண்டை மோதும், இதுதான் ஆட்டம். நிகெனுக்கு ஒன்பதாம் இடம். புதுசு, தடுமாறினாள். விட்டேனா நான்? தினமும் வேலை முடிந்து வந்ததும் சட்டையைக்கூட மாற்றாமல் பாயில் மண்டியிட்டு, நானே எட்டாம் இடத்துக்காரியாக அவளோடு ஆடினேன். என் வீட்டுக்காரி எண்டாங் அடுப்படியில் தெம்பே பொரித்துக்கொண்டே, "ஏங்க, தானா எந்திரிச்சிருவீங்களா, பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிடவா?" என்று கேலி பேசினாள். பொறுத்துக்கொண்டேன். மூன்று வாரம், அண்ணா! நெற்றி புடைத்துக் கிடக்கிறது.

இவ்வளவுக்கும் பிறகு நேற்று லாரஸ் என்ன செய்தாள் தெரியுமா? அத்தனை பேர் முன்னால், "நிகென், நீ எந்திரி. போட்டி முடியற வரைக்கும் ஓரமா உக்காந்து பாரு. வரவர மோசமா ஆடுற. வீட்ல யாரு இப்படித் தப்புத்தப்பா சொல்லித்தர்றாங்க?" என்று கேட்டிருக்கிறாள். "யாருமில்லக்கா, நானாத்தான்" என்று சொல்லிவிட்டு வந்த என் பெண், சோற்றைத் தொடாமல் படுத்துவிட்டாள். என் பெயரைச் சொல்லித் தொலைத்திருக்கலாமே! இருபத்திரண்டு வருஷமா ரயிலுக்கு நேரம் பார்த்துக் கொடி காட்டுறவன் நான், எனக்கா எண்ணத் தெரியாது?

தாங்கள் உடனே லாரஸைக் கூப்பிட்டுக் கண்டிக்க வேண்டும். நிகெனைத் திரும்ப வரிசையில் உட்கார வைக்காவிட்டால் பெருநாளுக்கு சோலோ பக்கம் தலைவைத்தும் படுக்க மாட்டேன். அண்ணிக்கு என் வணக்கம். அல்லாஹ் தங்களுக்கு நீண்ட ஆயுளையும், மகளை அதட்டும் தைரியத்தையும் தருவானாக.

பணிவும் கோபமும் கலந்து,
வார்சித்தோ

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போகும்போது எண்டாங் தன் போனை நீட்டி, "இதப் பாத்துட்டு ஒட்டுங்க" என்றாள். நாங்கள் பாயில் ஆடியதைப் படம் பிடித்திருக்கிறாள். நிகென் சரியாகத்தான் எழுகிறாள். குனிய வேண்டிய நான் கூடவே எழுந்து முட்டுகிறேன். முட்டிவிட்டு, "தப்பு! மறுபடியும்!" என்று கத்துகிறேன். மறுமுறை அவள் என்னைப் பார்த்துவிட்டுக் குனிகிறாள். "அப்படித்தான்!" என்கிறேன். மூன்று வாரமும் இதேதான். ஏம்மா அப்போதே சொல்லவில்லை என்று நிகெனிடம் கேட்டேன். "சொன்னா எந்திரிச்சுப் போயிருவீங்கப்பா. வந்ததும் டிவி முன்னாடிதான உக்காருவீங்க, இப்பதான் என் பக்கத்துல உக்காந்தீங்க" என்றாள். லாரஸை ஒன்றும் சொல்ல வேண்டாம், அண்ணா. அவளிடம் ஒப்புக்கொள்ள நானே கிளம்பிவிட்டேன்.