கண்ணாடிக்குப் பின்னால் அக்கா

மெதுவாகப் பேசத் தெரியாதவர்களுக்கென்றே கடவுள் ஒரு வேலையைப் படைத்திருக்கிறார். அதற்கு உடற்கல்வி ஆசிரியர் என்று பெயர். திண்டிவனத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் நான் அந்த வேலையில் இருக்கிறேன். மைதானத்தின் இந்தக் கோடியில் நின்று நான் "ஏய்!" என்றால், அந்தக் கோடியில் கிரவுண்டைச் சுற்ற மறுக்கும் பையன் மட்டுமல்ல, மதிலுக்கு வெளியே டீ குடித்துக்கொண்டிருப்பவர்கூட அட்டென்ஷனில் நிற்பார். (ஒருமுறை அப்படி நின்றவரின் வேட்டியை நான்தான் துவைத்துக் கொடுக்க வேண்டியிருந்தது.) இப்படிப்பட்ட என் குரலைத் துளிகூட மதிக்காத ஜீவன் உலகத்தில் ஒன்றே ஒன்று இருந்தது. அது என் வீட்டிலேயே, என் மூக்கோடு, என் மகனாக இருந்தது.

முகிலுக்கு அப்போது நாலரை வயது. பக்கத்துப் பெஞ்சுப் பிள்ளைகளைக் கடித்தான். பள்ளி வேன் டிரைவரின் மூக்குக் கண்ணாடியைப் பிடுங்கி, ஓடுகிற வண்டியிலிருந்து வெளியே எறிந்தான். கண்ணாடி இல்லாமல் அந்த மனிதர் மிச்சப் பிள்ளைகளை எப்படி வீடு சேர்த்தார் என்பது அவருக்கும் கடவுளுக்கும் மட்டுமே தெரியும். நான் கத்துவேன். அவன் அதைவிடச் சத்தமாகக் கத்துவான். தெருக்காரர்கள் ஜன்னலைச் சாத்திக்கொள்வார்கள்.

கடைசியில் பள்ளித் தாளாளர் அம்மா கூப்பிட்டு அனுப்பினார். "சார், அரையாண்டு லீவுக்குள்ள புள்ள மாறணும். இல்லன்னா வேற ஸ்கூல் பாத்துக்கோங்க" என்றார். அது ஏற்கெனவே வேற ஸ்கூல்தான். இதற்கு முந்தைய ஸ்கூலும் இதே வாக்கியத்தைத்தான் சொல்லியிருந்தது.

அன்று மாலை விஷயத்தைச் சொன்னபோது என் மனைவி சுமதி கத்தவில்லை. அவள் நர்ஸ். யூனிஃபார்மை மடித்துக்கொண்டே, "ஸ்கூலு இல்லன்னா அவன வீட்ல யாரு பாத்துக்கறது? வேலய வுடப்போறது நான்தானே, நீங்க இல்லியே" என்றாள். படித்து, ஒத்தைக் காலில் நின்று வாங்கிய வேலை அது.

அவளே விசாரித்து விழுப்புரத்தில் ஒரு குழந்தைகள் ஆலோசனை மையத்தைப் பிடித்தாள். அங்கே ரேவதி மேடம் என்று ஒரு சின்னப் பெண் இருந்தார். பையனை அவர் முன்னால் தள்ளி, "மேடம், எப்பிடியாவது இவன சரி பண்ணிக் குடுங்க" என்றேன்.

"முகிலுக்கு நான் ஒன்னும் பண்ணப்போறதில்ல சார். ட்ரெய்னிங் ஒங்களுக்குத்தான்" என்றார் அவர்.

எனக்குக் கோபம் வந்தது. மாட்டுக்கு உடம்பு சரியில்லை என்று ஓட்டிக்கொண்டு போனால் மாட்டுக்காரனுக்கு ஊசி போடுகிறேன் என்கிறாரே! சுமதி என் காலை மிதித்ததால் சும்மா இருந்தேன்.

முறை இதுதான். ஓர் அறையில் நானும் பையனும் தரையில் உட்கார்ந்து விளையாட வேண்டும். என் காதில் ஒரு சின்ன மிஷின். சுவரில் ஒரு பெரிய கண்ணாடி. எங்களுக்கு அது முகம் பார்க்கும் கண்ணாடி, அந்தப் பக்கம் இருப்பவர்களுக்கு ஜன்னல். மேடம் அங்கே உட்கார்ந்து மைக்கில் சொல்லச் சொல்ல, நான் அதைச் செய்ய வேண்டும். விளையாட்டு நேரத்தில் பையனுக்கு உத்தரவு போடக் கூடாது. கேள்வி கேட்கக் கூடாது. அவன் செய்வதை அப்படியே சொல்ல வேண்டும். நல்லது செய்தால் என்ன நல்லது என்று சொல்லிப் பாராட்ட வேண்டும். அடம்பிடித்துக் கத்தினால் முகத்தைத் திருப்பிக்கொண்டு வேறு வேலை பார்க்க வேண்டும். அடங்கிய நிமிடமே திரும்பி, அடங்கியதற்குப் பாராட்ட வேண்டும்.

உத்தரவையும் கேள்வியையும் எடுத்துவிட்டால் ஒரு பி.டி. மாஸ்டரிடம் மிச்சம் இருப்பது விசில் மட்டும்தான். முதல் நாள் வாயைத் திறந்து திறந்து மூடினேன். "அவன் பண்றத சொல்லுங்க சார், கமென்ட்ரி மாதிரி" என்றது காது. கமென்ட்ரியா! பொங்கலுக்குப் பொங்கல் கபடிப் போட்டிக்கு மைக் பிடிப்பவன் நான். எழுந்து நின்றேன். "இதோ பச்சைக் கட்டையைத் தூக்கிவிட்டார் இளம் வீரர் முகில்! கோட்டைத் தாண்டுகிறார்! ஆகா, என்ன ஒரு வேகம்!" என்று ஆரம்பித்தேன். பக்கத்து அறையில் தூங்கிக்கொண்டிருந்த குழந்தை வீறிட்டது. "கொஞ்சம் கம்மியா சார்" என்றது காது.

ஆனாலும் வாரா வாரம் போகப் போக ஏதோ நடந்தது. "கட்டைய மெதுவா வைக்கிறியே, சூப்பர்டா" என்றால் அந்த முகத்தில் ஒரு வெளிச்சம் வரும். அதற்காகவே இன்னொன்றையும் மெதுவாக வைப்பான். இத்தனை நாளும் இந்த முகத்துக்கு நான் "ஏய்"யைத் தவிர வேறென்ன கொடுத்தேன் என்று வெட்கமாக இருந்தது. பள்ளியிலிருந்து வரும் கடிப் புகாரும் குறைந்தது.

அந்தச் சனிக்கிழமைதான் முக்கியமான நாள். அன்றைக்கு எங்கள் விளையாட்டைப் பார்த்துவிட்டு மேடம் பள்ளிக்கூடத்துக்குப் பேசுவதாக இருந்தது. சுமதிக்கு டியூட்டி. "இன்னிக்கு ஒரு நாள் மட்டும் நல்லபடியா பண்ணிடுங்க" என்று என் சட்டைக் காலரைச் சரிசெய்து அனுப்பினாள். நானும் முகிலும் பஸ் பிடித்துப் போய் இறங்கினால், மையத்து வாசலில் என் அக்கா விஜயாவும் மாமாவும் நிற்கிறார்கள். கையில் நாலடுக்குத் தூக்கு.

அக்காவைக் கட்டிக்கொடுத்தது வளவனூரில். விழுப்புரம் அவளுக்குக் கூப்பிடு தூரம். "ஆஸ்பத்திரின்னு போவும்போது தொணைக்கு ஆளு இல்லாம போவலாமாடா?" என்றாள். (எங்கள் குடும்பத்தில் தடுப்பூசிக்குக்கூட ஆறு பேர் போவோம். ஊசி ஒருவருக்கு, அழுகை எல்லோருக்கும்.) இது ஆஸ்பத்திரி மாதிரி இல்லை அக்கா என்றேன். "சும்மா ஒரு ஓரமா ஒக்காந்துக்கினு இருக்கறோம்" என்றார் மாமா. மேடமும் நல்ல மனசோடு, "பாக்கட்டும் சார், வீட்டாளுங்களுக்கும் புரியணும்" என்று அவர்களைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார வைத்தார். அக்காவைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது.

ஆரம்பம் அமர்க்களமாக இருந்தது. முகில் கட்டைகளை அடுக்கி ஒரு லாரி செய்தான். நான் சொல்லிக்கொண்டே வந்தேன், பாராட்டிக்கொண்டே வந்தேன். ஒரு கேள்வி இல்லை, ஒரு உத்தரவு இல்லை. "ரொம்ப நல்லா போவுது சார்" என்றது காது. உடனே வரவேற்பறைப் பக்கம் ஏதோ சத்தம். வேறொரு குழந்தை பாத்ரூமுக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டதாம். "ரெண்டு நிமிஷம் சார், இப்பிடியே கண்டின்யூ பண்ணுங்க" என்று மேடம் மைக்கை மேஜைமேல் வைத்துவிட்டு ஓடினார். அணைக்காமல் வைத்துவிட்டு.

கொஞ்ச நேரம் காதில் கரகரப்பு. பிறகு, "தம்பி... கேக்குதா?"

மேடம் குரல் இல்லை என்று தெரிந்தது. ஆனால் அக்கா குரல் காதில் விழுந்தால் நான் யோசிக்கிற பழக்கம் இல்லை. எனக்குக் கால்சட்டை பட்டன் போட்டுவிட்ட குரல் அது.

"கொழந்தைக்கு மூக்கு ஒழுவுது பாரு. தொடச்சி வுடு."

துடைத்தேன். முகில் முகத்தைச் சுளித்தான்.

"பட்டன் மேலயும் கீழயுமா போட்டுக்கினு இருக்கறான். சரி பண்ணு."

சரி செய்தேன். அவன் முறைத்தான்.

"மச்சான், அந்த லாரி தலகீழா இருக்குது பாரு" என்றார் மாமா. "வீலு மேல இருந்தா எப்பிடி ஓடும்? நேரா வைக்கச் சொல்லு."

"லாரிய நேரா வைடா" என்றேன்.

அவ்வளவுதான். "அது பஞ்சர் ஒட்ற லாரி!" என்று வீறிட்ட முகில் லாரியைச் சிதறடித்து, ஒரு கட்டையை எடுத்துக் கண்ணாடிமேல் விட்டெறிந்தான். டங்கென்ற சத்தத்தோடு "ஐயோ, மேல்மலையனூர் தாயே!" என்று என் செவிப்பறைக்குள் அக்கா அலறினாள். முகில் தரையில் விழுந்து கைகாலை உதைத்தான்.

எனக்குப் பாடம் நினைவு வந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

"இன்னாடா மூஞ்சத் திருப்பிக்கினு நிக்கிற? புள்ள அழுவுது, தூக்கு!"

தூக்கினேன்.

"தூக்காத மச்சான். மேடம் வேணான்னு சொன்னாங்கல்ல?"

இறக்கினேன்.

"ஒங்க வீட்ல புள்ள அழுதா பாத்துக்கினு இருப்பீங்க. எங்க வீட்ல தூக்குவோம். ஜல்தியா தூக்குடா!"

தூக்கினேன்.

"எங்க வீட்ட ஏன் இழுக்கற? கல்யாணத்துல இருந்து இதே பேஜாருதான் ஒன்னோட."

"கல்யாணத்தப் பத்திப் பேசாதீங்க. எங்கப்பா அனுப்பிச்ச மல்லாட்டக் கொட்டய ஒங்கம்மா சொத்தைன்னு சொன்னாங்களே, மறந்துருவனா நானு?"

இப்படியாக என் மண்டைக்குள் ஒரு குடும்பச் சண்டை நடந்துகொண்டிருக்க, நான் பையனைத் தூக்குவதும் இறக்குவதுமாகப் பளு தூக்கும் பயிற்சி எடுத்துக்கொண்டிருந்தேன். அவன் அழுகையை நிறுத்திவிட்டு, அப்பாவுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று என் முகத்தையே பார்த்தான். அப்போது அக்கா மாமாவிடம் சொன்னது காதில் தெளிவாக விழுந்தது.

"புள்ளயக் குத்தம் சொல்லி இன்னா ஆவும்? எந்தம்பி இத விட மோசம். சின்ன வயசுல கல்யாணப் பந்தியில எலைய இழுத்து, சம்பந்திங்க மடியில சாம்பாரு ஊத்தனவன். அவனுக்குப் பொறந்தது எப்பிடி இருக்கும்?"

எனக்குள் ஏதோ அறுந்தது. காது மிஷினைப் பிடுங்கி எறிந்தேன். கட்டைக் கூடையை ஓர் உதை விட்டேன். தரையில் தொப்பென்று உட்கார்ந்து, மைதானத்துக் குரலில், "எல்லாரும் வாய மூடுங்க! எனக்கு ஒன்னும் வேணாம்! நான் ஊட்டுக்குப் போறேன்!" என்று கத்தினேன். காலையும் உதைத்தேன் என்று சாட்சிகள் சொல்கிறார்கள்.

முகில் என்னை ஒரு கணம் பார்த்தான். பிறகு அமைதியாக முதுகைக் காட்டித் திரும்பி உட்கார்ந்துகொண்டான். சிதறிய கட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து, "முகிலு செவப்புக் கட்ட வைக்கிறான். முகிலு நீலக் கட்ட வைக்கிறான்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். நான் இன்னும் சத்தமாகக் கத்தினேன். அவன் திரும்பவில்லை. கத்துவதற்கு எதிரில் முகம் வேண்டும். முதுகிடம் எவ்வளவு நேரம்தான் கத்துவது? மூச்சு வாங்கியது. நிறுத்தினேன்.

நிறுத்தியதும் அவன் திரும்பினான். எழுந்து வந்து, பிசுபிசுத்த கையை என் கன்னத்தில் வைத்தான்.

"அப்பா, கத்தாம ஒக்காந்துக்கினு இருக்கறியே, சூப்பர்பா. லாரி ஓட்றியா?"

நான் அழுதேன். சும்மா கண் கலங்கியதெல்லாம் இல்லை, மூக்கு ஒழுக அழுதேன். அவன் மூக்கை நான் துடைத்த அதே கைக்குட்டையால் அவன் என் மூக்கைத் துடைத்துவிட்டான். நிமிர்ந்தால் கதவருகே ரேவதி மேடம் நிற்கிறார். எவ்வளவு நேரமாக நின்றார் என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

"மேடம், ஸ்கூலுக்கு..." என்று இழுத்தேன்.

"இன்னிக்கே பேசிடறேன் சார். முகிலப் பத்திக் கவலையே வேணாம்."

"நான்?"

"நீங்க அடுத்த சனிக்கெழம வாங்க."

போகிற போக்கில் அக்கா அவரைத் தனியாக ஓரங்கட்டி, "இந்தக் காது மிஷின் பெரியவங்களுக்கும் மாட்டலாமா? எங்க வீட்டுக்காரருக்கு ஒன்னு வேணும்" என்று கேட்டாள். மாமா அதைக் கேட்காததுபோல் தூக்கைத் திறந்து புளியோதரையை எடுத்து வைத்தார்.

பள்ளிக்கூடம் முகிலை வைத்துக்கொண்டது. சுமதி வேலையை விடவில்லை, இப்போது சீனியர் ஆகிவிட்டாள். முகில் நாலாம் வகுப்பு படிக்கிறான். விழுப்புரத்துக்கு நான் மட்டும்தான் இன்னும் கொஞ்ச காலம் போய் வந்தேன்.

அதிலிருந்து எங்கள் குடும்பத்தில் ஒரு வழக்கம் வந்துவிட்டது. நான் குரலை உயர்த்தினால் யாரும் பதில் பேசுவதில்லை. ஒரே நேரத்தில் எல்லோரும் முதுகைக் காட்டித் திரும்பிக்கொள்கிறார்கள். சென்ற வருடம் அக்கா மகள் கல்யாணத்தில், போட்டோகிராபர் எங்களை மேடையில் வெகுநேரம் நிற்க வைத்தார் என்று நான் ஒரு கத்து கத்தினேன். அக்கா, மாமா, சுமதி, முகில், மாலையும் கழுத்துமாக இருந்த பெண், விஷயம் புரியாமலே மாப்பிள்ளை என எல்லோரும் சட்டென்று திரும்பிக்கொண்டார்கள். அந்த நேரம் பார்த்து போட்டோகிராபர் பட்டனை அழுத்திவிட்டார்.

அந்தப் படம் வளவனூரில் அக்கா வீட்டு ஹாலில் பெரிதாக மாட்டியிருக்கிறது. வரிசையாகப் பட்டுப்புடவையும் பட்டு வேட்டியுமாக முதுகுகள், நடுவில் வாயைப் பிளந்துகொண்டு நான். வீட்டுக்கு வருகிறவர்களையெல்லாம் முகில் அதன் எதிரில் கொண்டுபோய் நிறுத்துகிறான்.

"இதுல கேமராவப் பாத்து ஒழுங்கா நின்னது எங்கப்பா ஒருத்தருதான்" என்று மனதாரப் பாராட்டுகிறான்.