டிஸ்கின் முகம் எந்தப் பக்கம்?

எல்லா வீட்டிலும் ஒருத்தன் இருப்பான். கம்ப்யூட்டரில் எந்தக் கோளாறு என்றாலும் அவனைத்தான் கூப்பிடுவார்கள். அவனுக்கு விஷயம் தெரியும் என்பதற்காக இல்லை. தெரியாத பொத்தானை அமுக்கப் பயப்படாதவன் அவன் ஒருத்தன்தான். எங்கள் வீட்டில் அந்தப் பதவி என்னிடம் இருந்தது. பாளையங்கோட்டையில் ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடியில் கம்ப்யூட்டர் படித்துச் சான்றிதழ் வாங்கியிருந்தேன். அம்மா அதற்குச் சட்டம் போட்டுச் சாமி படங்களுக்கு நடுவே மாட்டிவிட்டாள். (தினமும் அதற்கும் சேர்த்துத்தான் சூடம் காட்டுவாள். எனக்குத் தலைக்கனம் ஏறியதில் என்ன ஆச்சரியம்?)

அக்கா கோமதி எனக்கு நேர்மாறு. பள்ளிக்கூடத்தில் விலங்கியல் டீச்சர். வேலைக்கும் போய்க்கொண்டு, பிள்ளையையும் வளர்த்துக்கொண்டு, தாமிரபரணி நத்தைகளைப் பற்றி முனைவர் பட்ட ஆய்வும் செய்துவந்தாள். லீவு நாள் என்றால் ஸ்ரீவைகுண்டம் பஸ்ஸில் ஏறிவிடுவாள். அணைக்கட்டுக்குக் கீழே முழங்கால் தண்ணீரில் நின்று நத்தை பொறுக்கும் டீச்சரைப் பார்த்து, ஏதோ நாட்டு மருந்துக்கு எடுக்கிறாள் என்றுதான் ஊர்க்காரர்கள் முதலில் நினைத்தார்களாம். அப்புறம் அவர்களே வாழைத்தோட்டத்து வாய்க்காலில் கிடைத்த நத்தைகளைக் கொண்டுவந்து கொடுக்க ஆரம்பித்துவிட்டார்கள். அக்காவிடம் யாரும் சும்மா வேடிக்கை பார்த்துக்கொண்டு நிற்க முடியாது.

கால நீட்டிப்பெல்லாம் வாங்கித் தீர்ந்துவிட்டது. இனிமேல் கிடையாது என்று பல்கலைக்கழகம் கையை விரித்துவிட்டது. கடைசி நாள், விஜயதசமிக்கு மறுநாள். அன்று ஆபீஸ் மூடுவதற்குள் அச்சடித்த பிரதிகளோடு, ஆய்வேடு முழுவதையும் ஏற்றிய சி.டி.யும் கொடுத்தாக வேண்டும். இல்லாவிட்டால் பதிவு ரத்து. இத்தனை வருஷம் ஆற்றில் நின்றதெல்லாம் வீண்.

சரஸ்வதி பூஜைக்கு முந்தின நாளே ஆய்வேடு தயாராகிவிட்டது. "ஏலே, டிஸ்கை இன்னைக்கே எழுதிக் குடுத்துரு" என்றாள் அக்கா.

"அது அஞ்சு நிமிச வேலைக்கா. பூசையில வச்சு எடுத்து எழுதுனா பட்டம் தன்னால வரும்" என்றேன் நான்.

கம்ப்யூட்டர், சி.டி. ரைட்டர், டிஸ்க் பெட்டி எல்லாம் சரஸ்வதிக்கு முன்னால் போய் உட்கார்ந்தன. பூஜையில் வைத்ததை விஜயதசமிக்கு முன் தொடக்கூடாது. டிஸ்க் சாதாரண ரகமும் இல்லை. அழித்து அழித்து எழுதக்கூடிய ரகம். தப்பு வந்தால் அழித்துவிட்டு மறுபடி எழுதிக்கொள்ளலாம் என்று நான்தான் அதைத் தேடி வாங்கினேன். (தப்பு வரும் என்று என் உள்மனசுக்கு அப்போதே தெரிந்திருக்கிறது.) விஜயதசமி அன்றைக்காவது எழுதியிருக்கலாமே என்பீர்கள். நல்ல நேரத்தில் ஒரே ஒரு எழுத்தைத் தட்டிவிட்டு, குலசை அம்மன் கோயில் தசராவுக்கு வேன் ஏறிப் போய்விட்டேன்.

மறுநாள் காலையில் அக்கா இஸ்திரி போட்ட சேலையில், பிரதிகள் அடங்கிய பையோடு வந்து உட்கார்ந்தாள். அத்தான் வாசலில் பைக்கை நிறுத்தியிருந்தார்.

"மாப்ள, எம்புட்டு நேரம் ஆவும்?"

"நீங்க டீ குடிச்சு முடிக்கதுக்குள்ள, அத்தான்."

எழுத ஆரம்பித்தேன். ஆய்வேடு முழுக்க நத்தை ஓட்டுப் படங்கள், அதனால் டிஸ்க் கிட்டத்தட்ட நிறைந்துவிடும். திரையில் பச்சைப் பட்டை பைய நகர்ந்தது. முக்கால்வாசி தாண்டியதும் நின்றது. ரைட்டர் இரண்டு மூன்று முறை செருமியது. "எழுதுவதில் பிழை" என்று சொல்லிவிட்டு டிஸ்கை வெளியே துப்பியது.

"கரண்ட் பத்தல" என்றேன் உடனே. ஃபிரிட்ஜ், ஃபேன் எல்லாம் அணைக்கப்பட்டன. சட்னி பாதி அரைபட்ட நிலையில் அம்மா மிக்ஸியை நிறுத்தினாள். டிஸ்கை அழித்து மறுபடி எழுதினேன். முக்கால்வாசியில் பிழை. வேகத்தைக் குறைத்தேன். பிழை. வேறு டிஸ்க் போட்டேன். பிழை. அத்தானின் செல்போன் அலைவரிசை இடிக்கிறது என்று சொல்லி அவரைத் தெருமுனை வரை அனுப்பினேன். (மனுஷர் மறுபேச்சுப் பேசாமல் போனார். இன்றைக்கும் அவர் முகத்தை நேராகப் பார்க்கக் கூச்சமாக இருக்கிறது.) சோதனைக்கு ஒரே ஒரு படத்தை மட்டும் எழுதிப் பார்த்தேன். எழுதியது! "யக்கா, சரியாப் போச்சு!" என்று கத்தினேன். அம்மா சுண்டல் கொண்டுவந்து வைத்தாள். முழு ஆய்வேட்டையும் போட்டேன். முக்கால்வாசியில் பிழை. சுண்டல் தொண்டையில் நின்றது.

மத்தியானம் ஆகிவிட்டது. புது டிஸ்க் வாங்கிவரப் போன அத்தான் வெறுங்கையோடு திரும்பினார். "கம்ப்யூட்டர் கடை அண்ணாச்சி குலசைக்குக் காளி வேஷம் கட்டிப் போனவரு, இன்னும் வரல. மத்த கடையில எல்லாம் சினிமாப் படம் போட்ட டிஸ்க்தான் இருக்கு."

எனக்கு அழுகை முட்டியது. அக்கா அழுதிருந்தால் நானும் சேர்ந்து அழுதிருப்பேன். அவளோ "எந்திரி" என்றாள்.

நாற்காலியில் உட்காரத்தான் போகிறாள் என்று நினைத்தேன். இல்லை. பிழை வந்த டிஸ்குகளை எடுத்துக்கொண்டு ஜன்னலோரம் போனாள். ஒவ்வொன்றாக வெயிலில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தாள்.

"இங்கன பாரு. நடுவுலருந்து இதுவரைக்கும் ஒரு நெறம். அதுக்கு அங்கிட்டு வேற நெறம். இது உள்ளருந்து வெளிய எழுதிக்கிட்டே வருதோ?"

சான்றிதழ் வாங்கிய எனக்கு அது தெரியாது. "ஆமாக்கா, அப்படித்தான்" என்றேன் கம்பீரமாக.

"நத்தை ஓடும் அப்படித்தாம்லே வளரும். நடுவுல இருக்கதுதான் மொதல்ல வந்தது. எங்கன தடங்கல் வந்துச்சோ அங்கன ஒரு வரி விழுந்துரும்." டிஸ்குகளை வரிசையாக அடுக்கினாள். எல்லாம் ஒரே இடத்தில்தான் நின்றிருந்தன. அந்த இடத்தில், விளிம்பை ஒட்டி, மங்கலாக ஏதோ தீற்றியிருந்தது. அக்கா மூக்கருகில் கொண்டுபோய் மோந்து பார்த்தாள். "ஏலே, இது சந்தனம்லா?"

அம்மா டிஸ்கை வாங்கித் தானும் மோந்து பார்த்தாள்.

"பெட்டி மேல ஒரு பொட்டு வச்சாப் போதும்னுதான்யா நான் சொன்னேன்" என்றாள் அம்மா மெல்ல.

சொன்னாள்தான். ஆனால் நான் படித்தவன் அல்லவா? உள்ளே இருக்கிற டிஸ்குகள் என்ன பாவம் செய்தன என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகச் சந்தனமும் குங்குமமும் வைத்தேன். எந்தப் பக்கம் வைப்பது என்று யோசிக்கவும் செய்தேன். பளபளவென்று இருக்கிற பக்கத்தில் என் முகம் தெரிந்தது. முகம் தெரிகிற பக்கம்தானே அதற்கு முகம்? நெற்றிப்பொட்டு நடுவில் வைக்கலாம் என்றால் நடுவில் ஓட்டை. எனவே ஓரத்தில் வைத்தேன். விஜயதசமி அன்று வேட்டி நுனியை நனைத்து, பொட்டு வைத்த ஓரத்தைத் தட்டு கழுவுகிற மாதிரி சுற்றிச் சுற்றி அழுத்தித் துடைத்துச் சுத்தமும் செய்தேன். குங்குமத்தின் சிவப்பு போய்விட்டது. சந்தனக் கறையும் கீறலும் போகவில்லை. பெட்டியில் ஒரு டிஸ்க்கூடத் தப்பவில்லை. என் பக்தியில் ஓரவஞ்சனையே கிடையாது.

அத்தான் "பைக்கைப் பாத்துட்டு வாரேன்" என்று வெளியே போனார். பைக் சிரித்ததா, அவர் சிரித்தாரா தெரியாது, சத்தம் உள்ளே வரை கேட்டது.

அக்கா என்னைத் திட்டவில்லை. கடிகாரத்தைப் பார்த்தாள், டிஸ்கைப் பார்த்தாள். "பொட்டு வரைக்கும் போனாத்தான பிழை? நாம அதுவரைக்கும் போவாண்டாம். ஆய்வேட்டைப் பாதி பாதியாப் பிரிச்சு ரெண்டு டிஸ்க்குல எழுது."

எழுதினேன். முதல் டிஸ்க் பிழையில்லாமல் முடிந்தது. இரண்டாவதும் முடிந்தது. கம்ப்யூட்டரைத் திறந்துகூடப் பார்க்காமல், வெயிலையும் கண்ணையும் மூக்கையும் வைத்துக்கொண்டு கோளாறைப் பிடித்துவிட்டாள். என் அக்கா எவ்வளவு பெரிய ஆள் என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. அதுவரை அவளை நத்தை பொறுக்குகிறவள் என்று சிநேகிதர்களிடம் கேலி பேசித் திரிந்தவன் நான்.

பல்கலைக்கழக ஆபீஸில் எங்களுக்குப் பின்னால் நீண்ட வரிசை. கிளார்க் டிஸ்குகளை வாங்கினார். "ஏம்மா ரெண்டு?"

"படம் நெறைய சார்."

அவர் ஒன்றைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார். "என்னம்மா இது, மஞ்சளாத் தெரியுது?"

"பூசையில வச்சது சார். எந்தம்பி கைங்கரியம். கம்ப்யூட்டர் படிச்சவன்." வரிசை மொத்தமும் கழுத்தை நீட்டி என்னைப் பார்த்தது.

கிளார்க் தன் மானிட்டரைப் பார்த்தார். அதன் நெற்றியிலும் விபூதிப் பட்டை, நடுவில் பெரிய பொட்டு. "வெளியதானய்யா வைக்கணும்" என்று என்னிடம் சொல்லிவிட்டு, டிஸ்கைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு உள்ளே தள்ளினார். மெஷின் உறுமியது. அக்கா என் மணிக்கட்டைப் பிடித்தாள். காலையிலிருந்து பதறாதவள், நகம் பதிகிற அளவுக்கு இறுக்கினாள். இவ்வளவு பயத்தையும் உள்ளே வைத்துக்கொண்டுதான் என்னைத் திட்டாமல் இருந்திருக்கிறாள் என்று நினைத்தபோது எனக்குக் கண் கலங்கியது. திரையில் ஒரு நத்தை ஓடு பெரிதாகத் தெரிந்தது. அடுத்த டிஸ்கும் திறந்தது. கிளார்க் ரசீதில் முத்திரை குத்தினார்.

அக்கா டாக்டர் கோமதி ஆனாள். சில வருஷம் கழித்து எனக்குக் கல்யாணம். தாலி கட்டி முடித்து, மணப்பெண் நெற்றியில் குங்குமம் வைக்க விரலை நீட்டுகிறேன், பின்னாலிருந்து அக்கா குரல் மண்டபம் முழுக்கக் கேட்டது.

"ஏலே, நடுவுல வை! ஓரத்துல வச்சா எழுதாது!"

சொந்தக்காரர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அத்தான் சிரிப்பு தனியாகக் கேட்டது. கதை தெரியாத மணப்பெண்ணும் சிரித்துக் குலுங்கியதில் என் விரல் வழுக்கி, குங்குமம் அவள் காதோரம் போய் ஒட்டியது. அந்தப் போட்டோவைப் பெரிதாக்கி அக்கா தன் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறாள். புதிதாக வருகிறவர்கள் அவள் ஆராய்ச்சியைப் பற்றிக் கேட்டால் நத்தையில் தொடங்கி அந்தப் போட்டோவில் வந்துதான் முடிப்பாள். நானும் பக்கத்தில் நின்று, முதல் தடவை கேட்கிறவன் மாதிரி கேட்டுக்கொண்டிருப்பேன். அவள் சொன்னால் நன்றாகத்தான் இருக்கிறது.