கிளட்ச்சின் பக்குவம் அறிந்தவர்

பழுதான சாமான் எங்கே இருக்கிறதோ, அதற்குப் பக்கத்திலேயே ஒரு பக்குவக்காரர் இருப்பார். பார்த்திருப்பீர்கள். பழுது பார்க்கத் தெரிந்தவர் என்று நினைத்துவிடாதீர்கள். பழுதோடேயே ஓட்டத் தெரிந்தவர். இரண்டும் வேறு.

ஒரு பட்டறைப் பக்குவக்காரரைச் சொல்கிறேன், கேளுங்கள். அவருடைய லேத்தில், அதாவது இரும்பு கடையும் மெஷினில், கிளட்ச் தேய்ந்து ஐந்து வருஷம். லீவரைத் தூக்கினால் மெஷின் சுற்ற வேண்டும். சுற்றாது. அவர் வந்து, சட்டைக் கையை மடித்துவிட்டு, லீவரைப் பாதி தூக்கி, மூச்சைப் பிடித்து, கொஞ்சம் இறக்கி, மறுபடி தூக்கி, தோளால் ஒரு முட்டு முட்டி, அது விழுந்துவிடாமல் தொடையால் முட்டுக் கொடுத்து, "வாடி கண்ணு, வா" என்று தாஜா செய்தால், ஒரு முனகல் முனகிவிட்டுச் சுற்றும். வேறு யார் தொட்டாலும் சண்டித்தனம்தான்.

பக்கத்து மெஷின்காரி ஒருநாள் கேட்டாள். "அண்ணே, இதைப் பிரிச்சு உள்ள இருக்கற தட்டை எல்லாம் மாத்திட்டா என்ன?"

"தாராளமா மாத்தலாம்மா. ஆனா பிரிச்சா பழைய ஓட்டம் வராது."

"இப்ப ஓடவே இல்லையேண்ணே."

"அதுக்கு ஒரு பக்குவம் இருக்கு. சொன்னாப் புரியாது."

சொன்னால் புரிந்துவிடுமே என்பதுதான் அவர் கவலை. அந்தக் கிளட்ச் நன்றாகிவிட்டால் அவரை யார் தேடுவார்கள்? அவர் லீவு போட்டால் பட்டறையில் வேலை நிற்கும்; முதலாளி போன் போடுவார்; "ஒரு நாள் நிம்மதியா இருக்க விடறாங்களா" என்று சலித்துக்கொண்டே கிளம்புவார். சலிப்பா அது? முகத்தில் மாப்பிள்ளைக் களை சொட்டும்.

அவருக்குக் காய்ச்சல் வந்தது. போனைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு படுத்தார். முதல் நாள் அது அடிக்கவில்லை. இரண்டாம் நாள் மனைவியைக் கூப்பிட்டார்.

"என் நம்பருக்கு ஒரு தடவை அடிச்சுப் பாரு."

அடித்தாள். கணீரென்று அடித்தது.

"நல்லாத்தானே இருக்கு?"

"அதுதான்டி பயமா இருக்கு."

மூன்றாம் நாள் காய்ச்சலோடேயே போனார். அவர் இல்லாத சமயம் பார்த்து முதலாளி மெக்கானிக்கை வரவழைத்துவிட்டிருந்தார். அந்த மனுஷர் எண்ணெயை வடித்து, கிளட்ச்சைக் கழற்றி, கண்ணாடி மாதிரி வழவழத்துப்போன பழைய தட்டுகளை ஓரமாகப் போட்டுவிட்டு, புதுத் தட்டுகளை எண்ணெயில் நனைத்து ஒவ்வொன்றாக அடுக்கி, இடைவெளி பார்த்து நட்டை முறுக்கி, மூடிவிட்டுப் போயிருந்தார். ஐந்து வருஷத்துப் பக்குவம் ஒன்றரை நாளில் முடிந்தது.

இது எதுவும் தெரியாத நம்மவர், "நகருங்க, நகருங்க, நான் வந்துட்டேன்ல" என்று சட்டைக் கையை மடித்து, மூச்சைப் பிடித்து, தோளால் முட்டினார். லீவர் வெண்ணெயாக ஏறியது. முட்டின வேகத்தைத் தாங்க எதிரே ஒன்றும் இல்லை. நேரே போய், எண்ணெய் துடைக்க வைத்திருந்த பஞ்சுக் கழிவு மூட்டைமேல் உட்கார்ந்தார். மெஷின் அதுபாட்டுக்குச் சுற்றியது.

மெஷின்காரி வந்து ஒற்றை விரலால் நிறுத்தினாள். "அடி கிடி பட்டுச்சாண்ணே?"

"இல்லம்மா. சத்தம் சரியில்லையே."

"சத்தமே இல்லையேண்ணே."

"அதைத்தாம்மா சொல்றேன்."

அன்று அவர் கடைந்து எடுத்த சாமான்கள் ஐந்து வருஷத்தில் இல்லாத சுத்தம். அவர் அதைத் திரும்பியும் பார்க்கவில்லை. யாரும் தன்னைக் கூப்பிடுகிறார்களா என்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றார். ஒருவரும் கூப்பிடவில்லை.

மறுநாள் காலையில் கருவி பீரோவின் கதவு திறக்கவில்லை. ஆளுக்கு ஒரு பக்கம் இழுத்தார்கள். பக்குவக்காரர் நிதானமாக வந்து, கீழே காலால் ஒரு தட்டு தட்டி, கைப்பிடியை மேலே தூக்கி இழுத்தார். திறந்தது. முந்தின நாள் சாயங்காலம்வரை சின்னக் குழந்தை இழுத்தாலும் திறந்த கதவு அது. என்ன நடந்ததோ, நாம் பார்த்தோமா?

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். உங்கள் வீட்டில் குளியலறைக் குழாய் ஒன்று சொட்டுமே, நீங்கள் வந்து அரைச் சுற்று திருப்பி ஒரு அழுத்து அழுத்தினால்தானே நிற்கும்? வாஷர் மாற்றக் கால் மணி நேரம் ஆகும். ஏன் இன்னும் மாற்றவில்லை என்று நான் கேட்கவே இல்லை.